நாலு பேர் என்ன சொல்லுவினம்?

பள்ளிமுனை வலன்ரைனுக்கு இந்த உலகத்தில் தெரியாத விசயம் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், அதை முதலில் ஒத்துக்கொள்ளுகிறவர் வலன்ரைன்தான். காற்று எப்போது மாறும், நண்டு எந்தப் பக்கம் நடமாடும், பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எத்தனை நிமிசம் இழுப்பார், எல்லாம் தெரியும். பந்து என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர். இன்றைக்கும் மனிசன் கதிரையில் இருந்தால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் இருப்பார்.

அந்த விளையாட்டுப் பைத்தியம் எந்த அளவில் இருந்தது என்றால், அவருக்குக் கலியாணம் பேசி முடித்து, மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பாதர் பீடத்தில் நின்று ஊருக்கே அறிவித்தார். ஊரே கேட்டது. மாப்பிள்ளை மட்டும் மூன்று ஞாயிறும் பூசைக்கு வரவில்லை. மூன்று ஞாயிறும் கழகத்துக்கு ஆட்டம் இருந்தது.

கலியாணப் பூசையில் பாதர் சொல்லிக்கொடுக்க, "பெற்றிசியா" என்று ஒரேயொரு தரம் பெண்சாதியின் பேரைச் சொன்னார். அதுவும் மைக் எடுபடவில்லை. அதற்குப் பிறகு இருபத்திமூன்று வருசம் ஓடிவிட்டது. ஒரு நாளும் அவர் அந்தப் பேரை வாயால் கூப்பிட்டதில்லை. "இஞ்சாரப்பா" என்பார். ஒருமுறை மன்னார்ச் சந்தைக்குள் நின்று "இஞ்சாரப்பா" என்று கத்த, பெற்றிசியாவோடு சேர்த்து ஐந்து மனிசிமார் திரும்பிப் பார்த்தார்கள். காதலர் தினத்தின் பேரைச் சுமந்துகொண்டு திரிகிற ஆளுக்குச் சொந்தப் பெண்சாதியின் பேரைச் சொல்ல வெட்கம். இதை எங்கே போய்ச் சொல்ல.

அப்படியிருக்கத்தான் புதுப் படகு வந்தது. வெள்ளையும் நீலமுமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியான பைபர் படகு. கரையில் வலை போட்டு வைக்கிற வாடிக்கு முன்னால் மணலில் ஏற்றி வைத்தாயிற்று. உலகக்கிண்ணம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, பாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதாக நாளும் குறித்தாயிற்று. படகின் மூக்கில் எழுதுகிற பேர் மட்டும் பாக்கி. வலன்ரைனுக்கு ஒரு பேர் தயாராக இருந்தது. 'கோல் கிங்.' அவரோடு கடல் தொழிலுக்குப் போகிற கூட்டாளி அலெக்ஸாண்டர்தான் ஊரில் பாதிப் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவர். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கோல் அடிச்சவனை கிங் எண்டால் சரி, விட்டவனையும் அப்பிடிச் சொல்லுறதோ என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அடுத்தநாள் காலமை தேத்தண்ணியோடு பெற்றிசியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, படகுக்கு என்ர பேரை வையுங்கோவன்."

வலன்ரைனுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"உன்ர பேரோ? நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

"ஆர் அந்த நாலு பேர்?"

"ஊர்தான். துறையில நிண்டு என்ன கதைப்பாங்கள் தெரியுமே? உன்ர பேரைச் சொல்லி, நல்லாப் பழுதாப்போச்சு எண்டுவாங்கள். ஒரு பக்கம் சரியுது எண்டுவாங்கள். சத்தம் கூட எண்டுவாங்கள்."

"கடைசியாச் சொன்னது நீங்கள் சொல்லுறதுதானே," என்றாள் பெற்றிசியா.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். தனக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை. படகுக்குத் தன் பேர் இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு தரமாவது அவர் வாயால் அந்தப் பேர் வரும். "இப்பிடியே போனால், ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி மரண அறிவித்தல் சொல்லேக்கதான் இந்த வாசலில என்ர பேர் கேக்கும்போல கிடக்கு," என்றாள்.

அந்தச் சொல் வலன்ரைனுக்கு நெஞ்சில் தைத்தது. தைத்தாலும் என்ன, மனிசன் கோழை. பெண்சாதியின் பேரைத் துறையில் நின்று கத்துவதை நினைக்கவே காது சூடாகியது. அதற்குள் தலைமன்னாரில் இருந்து அவருடைய அக்கா அஞ்சலா போன் எடுத்து, தம்பி, உன்னைத் தூக்கி வளத்தவள் நான், என்ர பேரைத்தானே வைக்கிறாய் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நன்றியும் சொல்லி வைத்துவிட்டா.

வலன்ரைன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பெண்சாதியிடம் மாட்டேன் என்றால் சோறு ருசிக்காது. அக்காவிடம் மாட்டேன் என்றால் கொடிவழிக்கே அடுக்காது. தான் சொல்லாமல், வேறு யாரோ சொல்லி முடிவானது போல இருக்க வேண்டும். அப்போதுதான் ரீவியில், அவுஸ்திரேலியாவில் நடக்கிற பெண்கள் உலகக்கிண்ணம் கண்ணில் பட்டது. அது வரைக்கும் அதை அவர் பந்தாட்டமாகவே மதிக்கவில்லை. பொம்பிளைப் பந்து என்று சனலை மாற்றிவிடுவார். அன்றைக்கு மாற்றவில்லை. எட்டு அணிதான் மிச்சம். நாளைக்குக் காலிறுதி. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும், மறுபேச்சில்லை. ஆகா என்றார் வலன்ரைன்.

கோயில் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் சட்டம் எழுதினார். படகுக்கு எட்டுப் பேர். நாலு அவர் சொல்லுவார், நாலு அவள் சொல்லலாம். ஒவ்வொரு பேருக்கும் ஒரு அணி. அணி தோற்றால் பேரும் அவுட். கிண்ணத்தை எடுக்கிற அணியின் பேர்தான் படகின் பேர். நாலு காலிறுதியிலும் ஒரு பக்கம் அவருடைய அணி, மற்றப் பக்கம் அவளுடையது. எது யாருக்கு என்று தெரிவு செய்வது, விளையாட்டுத் தெரிந்தவர் என்ற முறையில், வலன்ரைன்.

"கடைசிச் சட்டம்," என்று தாளில் 'பெற்றிசியா' என்று எழுதி, அதைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். "இந்தப் பேர் சேராது. அது ஒண்டைத் தவிர நீ எதையும் எழுதலாம், நான் தடுக்கமாட்டன்."

பெற்றிசியா தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதையும்?"

"எதையும். சத்தியம்."

"சரி. நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டுதானே உங்களுக்குப் பயம். நான் நாலு பேர் தாறன்."

பேனையை வாங்கினாள். ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை, பேனை எங்கும் நிற்கவில்லை. அந்தோனியா, பிலோமினா, லூர்து, செசிலியா என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். இவையெல்லாம் ஆர் என்று வலன்ரைன் கேட்டார். எல்லாரும் எனக்கு நல்லா வேண்டிய ஆக்கள்தான் என்றாள். வலன்ரைனுக்கு அப்பாடா என்றிருந்தது. புனிதர்களின் பேர். இதில் எது வந்தாலும் பழுதில்லை. புனிதரின் பேரை வைத்தால் நாலு பேர் வாய் திறக்கமாட்டார்கள்.

இருந்தாலும் வெல்லாமல் விடுவாரா. அவர் அணி பிரித்த விதத்தைக் கேளுங்கோ. ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதுகிறது. நெதர்லாந்து என்றால் ஒல்லாந்தன். மன்னார்க் கோட்டையைத் திருத்திக் கட்டினவன் கோலைக் காக்கமாட்டானோ? 'கோல் கிங்' நெதர்லாந்துக்கு. யப்பானும் சுவீடனும். பழைய படகின் எஞ்சின் எந்த ஊர்? யப்பான். அது இண்டைக்கு வரைக்கும் நடுக்கடலில் நிண்டிருக்கோ? 'சென் வலன்ரைன்' யப்பானுக்கு. பிரான்சும் அவுஸ்திரேலியாவும். ஆம்பிளையளின் உலகக்கிண்ணத்தில பிரான்ஸ் இறுதிக்கு வந்தது. 'இரும்புச் சுவர்' பிரான்சுக்கு. கடைசியில் கொலம்பியாவும் இங்கிலாந்தும். இங்கிலாந்து போன ஆட்டத்தில் பெனால்ரியில்தான் தப்பியது. கொலம்பியா என்று சொல்ல எங்கட கொழும்பு மாதிரியும் கிடக்கு. அக்கா அஞ்சலாவைக் கொலம்பியாவில் ஏற்றினார். மிச்சம் நாலும் பெற்றிசியாவுக்கு. அந்தோனியா அவுஸ்திரேலியா, பிலோமினா ஸ்பெயின், லூர்து சுவீடன், செசிலியா இங்கிலாந்து.

தாளை அலுமாரிக் கதவில் ஒட்டினார். அலெக்ஸாண்டர் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் எழுதிய நாலு பேரையும் பூசையில் வாசிக்கிற இராகத்தில் ஒரே மூச்சாக வாசித்தார். பிறகு பெற்றிசியாவைப் பார்த்தார். பெற்றிசியா பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீ இதை வடிவாப் பாத்தனியோ?"

"நான்தானே சட்டமே எழுதினனான்," என்றார் வலன்ரைன்.

அலெக்ஸாண்டர் இன்னும் ஒரு பாண் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிய ஆறரைக்கு முதல் ஆட்டம். புதுப் படகு மந்திரிக்கும் வரைக்கும் தொழில் இல்லை, வலன்ரைன் கதிரையை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். பக்கத்தில் பெற்றிசியா மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பந்தாட்டத்தில் தெரிந்தது வலை ஒன்றுதான். இந்த வலை கண் பெரிசு, ஒரு சூடை மீனும் நிக்காது என்றாள். இது மீனுக்குக் கட்டினதில்லை என்று வலன்ரைன் விளங்கப்படுத்தினார். நெதர்லாந்து கடைசி நேரத்தில் ஒரு கோல் அடித்துச் சமன் செய்ய, மனிசன் கதிரையில் ஏறி நின்றார். மேலதிக நேரத்தில் ஸ்பெயின் இன்னொன்று அடிக்க, இறங்கினார். 'கோல் கிங்' போயிற்று.

"ஒல்லாந்தன் அப்பவும் இப்பிடித்தான். கோட்டையை வெள்ளைக்காரனிட்டக் குடுத்திட்டுப் போனவன்," என்றார்.

மத்தியானம் யப்பான். பெனால்ரி கிடைத்தது. அடித்த பந்து மேற்சட்டத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வலன்ரைன் எழும்பிப் போய், வெளியில் கிடந்த எஞ்சினை முறைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சுவீடன் வென்றது.

சனிக்கிழமை பிரான்சும் அவுஸ்திரேலியாவும் கோலே இல்லாமல் இழுத்துப் பெனால்ரிக்கு வந்தார்கள். அதற்கென்று பிரான்ஸ் காப்பாளரையே மாற்றியது. அந்தக் காப்பாளரின் மனசை யோசிச்சியளோ என்று வலன்ரைன் ரீவியைக் கேட்டார். பக்கத்துக்குப் பத்து உதை. இருபதாவது உதையில் அவுஸ்திரேலியா வென்றது. அதற்குள் சட்டியில் இருந்த மீன் கரிந்துவிட்டது, ஏனென்றால் பெற்றிசியா ஒன்பதாவது உதையில் இருந்து அகப்பையோடு ரீவிக்கு முன்னால் நின்றாள். பின்னேரம் கொலம்பியா முதல் கோல் அடித்தது. வலன்ரைன் அக்காவுக்குப் போன் எடுத்துச் சந்தோசச் செய்தி சொன்னார். இங்கிலாந்து இரண்டு அடித்தது. வலன்ரைன் போனை நிப்பாட்டி வைத்தார்.

இரண்டு நாளில் நாலு அவுட். தாளில் மிஞ்சின நாலும் பெற்றிசியாவின் எழுத்து. வேறு மனிசனென்றால் சாப்பிடாமல் படுத்திருப்பான். வலன்ரைன் அப்படியில்லை. தோற்றதையும் வென்றதாகக் கணக்குப் பார்க்கிற கலை காப்பாளர்களுக்குத் தெரியும். அவர் அலெக்ஸாண்டரிடம் காதுக்குள் சொன்னார்: கோல் கிங் போனால் என்ன, அக்காவுக்கும் கோவிக்க இடமில்லை, பெண்சாதியின்ர பேரும் இல்லை. நாலும் புனிதர்கள். முழுக்க முழுக்க வெற்றி. அலெக்ஸாண்டருக்கு ஏனோ இருமல் வந்தது.

அரையிறுதி மடு மாதா திருநாளன்று வந்தது. அவர்கள் வழக்கம்போல மடுவில் மரத்துக்குக் கீழ் கூடாரம் அடித்திருந்தார்கள். மத்தியானம் சனத்துக்குள் வலன்ரைன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, உதட்டைச் செபம் சொல்லுகிற மாதிரி அசைத்துக்கொண்டு ஸ்பெயினையும் சுவீடனையும் கேட்டார். எண்பது நிமிசம் ஒன்றுமில்லை, பிறகு பத்து நிமிசத்துக்குள் மூன்று கோல். பிலோமினா இறுதிக்கு, லூர்து வீட்டுக்கு. ஓடிப்போய்ச் சொன்னார். பெற்றிசியா மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டே, எது வந்தாலும் எனக்குச் சந்தோசம்தான் என்றாள். அடுத்தநாள் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை வென்றது. அந்தோனியாவும் போனாள். அதற்கும் பெற்றிசியா கவலைப்படவில்லை. எவ்வளவு பெருந்தன்மையான மனிசி என்று வலன்ரைனுக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். அதற்குள் வலன்ரைன் தலைகீழாக மாறியிருந்தார். பொம்பிளைப் பந்து என்று சொன்னவர், வந்திருந்த அயலவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் இலக்கத்தையும் சொல்லி, எங்கட கழகத்தில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் கோல் விட்டிருப்பனோ என்று கேட்டார். பெற்றிசியா முதல்தரமாக மீன் வெட்டாமல், கத்தி இல்லாமல், அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். ஸ்பெயின் பந்தைக் கொண்டு போனாலும் கை தட்டினாள், இங்கிலாந்து கொண்டு போனாலும் கை தட்டினாள்.

"நீ ஆற்ர பக்கம்?"

"ரெண்டும் நான்தான்," என்றாள்.

கதையில் கவனமில்லாமல் சொல்லுகிறாள் என்று வலன்ரைன் நினைத்தார். இங்கிலாந்தின் காப்பாளர் ஒரு பெனால்ரியைப் பாய்ந்து பிடிக்க, மனிசன் எழும்பி நின்று சலூட் அடித்தார். அப்படியும் ஸ்பெயின் ஒன்றுக்குப் பூச்சியம் என்று கிண்ணத்தை எடுத்தது. தாளில் செசிலியாவை வெட்டிவிட்டு, பிலோமினாவைச் சுற்றி வட்டம் போட்டார். பொழுதுபட முதல் அலெக்ஸாண்டர் சிவப்புப் பெயின்ற்றோடு வந்து, படகின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் 'பிலோமினா' என்று எழுதினார். எழுதும்போது ஒரே சீட்டியடி.

திங்கட்கிழமை காலமை கரை நிறையச் சனம். பாதர் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, படகின் மூக்கில் சிலுவை வரைந்தார். வலன்ரைனின் வீட்டில் அப்பா காலத்தில் இருந்தே ஒரு வழக்கம். புதுப் படகை முதல்தரம் கடலில் தள்ளும்போது, சொந்தக்காரர் இடுப்பளவு தண்ணியில் நின்று படகின் பேரை மூன்று தரம் உரத்துக் கூப்பிட வேண்டும்; பிறகு ஒவ்வொரு நாளும் தள்ளும்போது ஒரு தரம். கூப்பிட்டால் படகு நல்லபடி திரும்பி வரும் என்பது நம்பிக்கை. நல்லவேளை இது பெற்றிசியா இல்லை என்று நினைத்துக்கொண்டே வலன்ரைன் சாரத்தை மடித்துக் கட்டித் தண்ணியில் இறங்கினார். நெஞ்சு முட்டக் காற்றை எடுத்தார்.

"பிலோமினா!"

கரையில் சனம் ஏனோ சிரித்தது. புதுப் படகைக் கண்ட உசார் என்று நினைத்து, இன்னும் அன்பாக, இன்னும் நீட்டிக் கூப்பிட்டார்.

"பிலோமினா!"

சிரிப்புக் கூடியது. பாதரும் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது தரம் இரண்டு கையையும் விரித்து, பந்தை எதிர்பார்க்கிற மாதிரி நின்று கூப்பிட்டார்.

"பிலோமினா!"

"ஓம், வாறன்," என்றது ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தார். பெற்றிசியா சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். இருபத்திமூன்று வருசத்துக்கு முன்னால் கோயில் வாசலில் இருந்த அதே முகம். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"உன்னையில்லை, நான் படகைக் கூப்பிட்டனான்," என்றார் வலன்ரைன்.

படகைப் பிடித்துக்கொண்டு நின்ற அலெக்ஸாண்டரால் இனித் தாங்க முடியவில்லை. "மச்சான், அந்தோனியா பிலோமினா லூர்து செசிலியா பெற்றிசியா எண்டு மூண்டு ஞாயிறு ஓலை வாசிச்சவை. ஊரே கேட்டது. நீ எங்க நிண்டனி?"

வலன்ரைன் எங்கே நின்றார் என்று ஊருக்கே தெரியும். பெற்றிசியாவின் தாய்க்கு ஒன்பது வருசம் பிள்ளை இல்லாமல், ஏறாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒரு பிள்ளை பிறக்க, நேர்ந்த அத்தனை புனிதரின் பேரையும் ஞானஸ்நானத்தில் ஒரே பிள்ளையின் தலையில் வைத்துவிட்டார்கள். வலன்ரைன் தாளில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணினார். சுவீடன் வென்றிருந்தாலும் அவள்தான். அவுஸ்திரேலியா வென்றிருந்தாலும் அவள்தான். இனி ஒவ்வொரு நாளும் துறையில் நின்று, ஊர் கேட்க, உரத்துக் கூப்பிட வேண்டும். தண்ணிக்குள் நின்றும் காது சூடாகியது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தச் சூடு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

"அப்ப நாலும்?" என்று கேட்டார், குரல் இறங்கி.

பெற்றிசியா அவருடைய நனைந்த தோளில் கையை வைத்தாள்.

"நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டுதானே பயந்தனீங்கள். நாலு பேரும் ஓம் எண்டு சொல்லியிட்டினம்."